வடசென்னை வெயிலில் சிப்பிக் காளான்: வைக்கோல், தண்ணீர், பை அளவு

தண்டையார்பேட்டை மாடி
6 அக்டோபர், இரவு 9.15

சிப்பிக் காளான் எல்லாம் மலைப்பக்கச் சமாச்சாரம், வடசென்னைச் சூட்டுக்குப் பால் காளான் போட்டால்தான் உண்டு என்று காளான் வித்து (சோளத்தில் படரவிட்ட பூசணம்) விற்கிற ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா? இடம்: கீழ்த்தளத்தில் எட்டடிக்கு ஆறடி ஸ்டோர் ரூம், ஒரு சின்ன ஜன்னல். மேலே இரண்டு மாடி இருப்பதால் கூரை சுடாது. போர் தண்ணீர் இருக்கிறது, மெட்ரோ வாட்டரும் வருகிறது. வைக்கோலை வேகவைக்காமல் செய்ய முடியுமா? வைக்கோலையும் வித்தையும் அடைக்கும் பை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான்.

மாதவரம் வைக்கோல்
6 அக்டோபர், இரவு 10.02

வரும். ஐப்பசியில ஆரம்பிச்சு மாசி வரைக்கும் நல்லாவே வரும். பங்குனிக்கு அப்புறம்தான் அவர் சொல்றது சரி. மார்கழியில நம்ம ஊர்ல ராத்திரி 21, 22 டிகிரி, பகல்ல 29, கூடவே கடல் ஈரம். வெள்ளைச் சிப்பிக்கு இதைவிட என்ன வேணும்? இப்பவே போடுங்க, தீபாவளியை ஒட்டி முதல் பறிப்பு கிடைச்சிடும்.

ரகம்: வெள்ளைச் சிப்பி (புளோரிடா) 20 முதல் 28 டிகிரிக்குள்ள நல்லா விளையும். சாம்பல் சிப்பி (சாஜர் காஜு) 30 வரை தாக்குப்பிடிக்கும். இளஞ்சிவப்பு சிப்பி அதுக்கும் மேல தாங்கும், ஆனா பறிச்ச அன்னிக்கே சமைச்சாகணும். அக்டோபர்ல சாம்பல், நவம்பர் பாதியில இருந்து வெள்ளை, இதுதான் என் கணக்கு.

வைக்கோல்: பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் சொர்ணவாரி அறுப்பு முடிஞ்சு இப்பதான் புது வைக்கோல் வந்திருக்கு. மாதவரத்துல மாடு வெச்சிருக்கிறவங்க கட்டுக்கட்டா இறக்குவாங்க, அவங்ககிட்டயே ஒரு கட்டு கேளுங்க. பொன் நிறமா, ஒடிச்சா சடக்குனு ஒடியணும். கருப்புப் புள்ளி, மக்கல் வாடை, மழையில நனைஞ்சு காய்ஞ்ச தடம், இதுல எது இருந்தாலும் வேண்டாம்.

பூசணவியல்
7 அக்டோபர், காலை 6.40

வைக்கோலைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். குலை நோய்க்குப் பூசணக்கொல்லி அடித்த வயலா என்று முடிந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். காளானும் பூசணம்தான். எச்சம் தங்கிய வைக்கோலில் வித்து ஓட, அதாவது அதன் வெள்ளை இழை படர, தயங்கும், காரணம் புரியாமல் வித்தைப் பழிப்போம். அதேபோல ஆலைக் கழிவு ஓடும் வாய்க்காலை ஒட்டிய நிலத்து வைக்கோலையும் தவிர்க்க வேண்டும். சிப்பிக் காளான் காட்மியம் போன்ற கன உலோகங்களை வளர்தளத்திலிருந்து உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடப்போவது என்பதால் சொல்கிறேன்.

மாதவரம் வைக்கோல்
7 அக்டோபர், காலை 8.30

பை அளவுக்கு வரேன். வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற அளவு 60க்கு 30 சென்டிமீட்டர். குளுகுளு அறைக்கும் கீற்றுக்கொட்டகைக்கும் அது சரி. காத்தோட்டம் இல்லாத ஸ்டோர் ரூமுக்கு அக்டோபர்ல அது பெரிசு. வித்து ஓடும்போது பை தானா சூடாகும். நடுவுல அறையைவிட மூணு நாலு டிகிரி கூட இருக்கும். அறை 31னா பை நடுவுல 35. அங்கதான் வேலை கெடுது. அரை கிலோ காய்ஞ்ச வைக்கோல் பிடிக்கிற சின்னப் பையா எடுங்க. விளைச்சல் பைக்குக் குறையும், ஆனா கெட்டாலும் ஒண்ணோட போகும்.

பூசணவியல்
7 அக்டோபர், காலை 9.05

மாதவரம் அண்ணன் சொன்னது முக்கியம். வெள்ளைச் சிப்பியின் பூசண இழை 35 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடும், 40ஐத் தொட்டால் சாகும். ஆனால் பசும்பூசணமும் பாக்டீரியாவும் அந்தச் சூட்டில் கொண்டாட்டமாக வளரும். அதனால்தான் சூடேறிய பை முதலில் நடுவில் கெடுகிறது, வெளியே பார்க்க வெள்ளையாகவே இருக்கும். பையை அமுக்கினால் நடுவில் தொளதொளவென்று இருக்கும், புளித்த வாடை வரும்.

கையால் தொட்டு அளக்காதீர்கள். கொளத்தூர் மீன் கடைகளில் தொட்டிக்கு வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கும், ஒயர் நுனியில் உணர்முனை இருக்கும். அதை ஸ்பிரிட்டில் துடைத்து ஒரு பையின் நடுவில் செருகி விடுங்கள். ஒரு பையைப் பார்த்தாலே மற்றதெல்லாம் தெரிந்துவிடும். 33ஐத் தாண்டினால் பைகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, டேபிள் ஃபேன் சுவர்ப் பக்கம் திருப்பி. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவே கூடாது.

தண்டையார்பேட்டை மாடி
7 அக்டோபர், இரவு 9.50

நன்றி அண்ணா, நன்றி சார். வேகவைப்பதுதான் பிரச்சினை. வீட்டில் இருப்பது ஒரு பிரியாணி அண்டா. சிலிண்டர் செலவும் யோசனையாக இருக்கிறது. போர் தண்ணீரில் ஊறவைக்கலாமா?

கிளிஞ்சல்
7 அக்டோபர், இரவு 11.20

தம்பி, முதல்ல போர் தண்ணியை நாக்குல வெச்சுப் பாருங்க. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போர்ல பாதிக்கு மேல உப்பு. மீஞ்சூர் வரைக்கும் நிலத்தடியில கடல் தண்ணி ஏறினது ஊரறிஞ்ச விஷயம். உங்க பக்கமும் கடலோரம்தான். கரிச்சா ஊறவைக்கவும் வேண்டாம், தெளிக்கவும் வேண்டாம். உப்பு வைக்கோல்ல ஏறிட்டா வித்து பாதியில நின்னுடும். ஆர்.ஓ. மெஷின் வெளிய தள்ளுற தண்ணியைச் சிக்கனம்னு சேர்த்து வெச்சு ஊத்துறாங்க சிலர், அது இன்னும் மோசம், உப்பெல்லாம் அதுலதான் சேர்ந்திருக்கு.

மெட்ரோ தண்ணி நல்லது. குளோரின் வாடை தூக்கலா இருந்தா அகலமான டப்புல ஒரு ராத்திரி திறந்து வெச்சிடுங்க. ஊறவைக்கிறதுக்கு அதுகூடத் தேவையில்ல, மொட்டு வந்த அப்புறம் தெளிக்கிற தண்ணிக்குத்தான்.

வேகவைக்காம செய்ய சுண்ணாம்பு இருக்கு. நாளைக்கு விவரமா எழுதறேன்.

பெரம்பூர் பார்சல்
8 அக்டோபர், காலை 7.10

அண்டா இருந்தால் அண்டாவிலேயே செய்யலாம். வைக்கோலை ஒன்றரை அங்குலம் இரண்டு அங்குலமாக வெட்டி, கோணிச் சாக்கில் தளர்வாக அடைத்து, நாலு முதல் ஆறு மணி நேரம் ஊறவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறினால் நம் சூட்டுக்கு நுரைத்துப் புளிக்க ஆரம்பித்துவிடும். பிறகு கொதிக்கும் தண்ணீரில் சாக்கோடு இறக்கி, மேலே அம்மிக்கல்லோ செங்கல்லோ வைத்து அமுக்குங்கள், மிதந்தால் மேல்பக்கம் வேகாது. தண்ணீர் 80 டிகிரிக்குக் குறையாமல் ஒரு மணி நேரம். தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை, மூடி போட்டு சிம்மில் வைத்தாலே நிற்கும். அரை கிலோ வைக்கோலுக்கு இருபது லிட்டர் அண்டா போதும்.

பூசணவியல்
8 அக்டோபர், காலை 7.55

மேலே சொன்னதில் "80 டிகிரி, ஒரு மணி நேரம்" என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். குக்கரில் வைத்து ஒரேயடியாக வேகவைத்தால் இன்னும் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பாதிச் சூட்டில் வேகும் வைக்கோலில் வெப்பம் தாங்கும் நல்ல பாக்டீரியாக்கள் பிழைத்திருக்கும், அவை பசும்பூசணத்தை உள்ளே விடாமல் தடுக்கும். எல்லாவற்றையும் கொன்ற வைக்கோலில் காற்றில் பறந்து வரும் முதல் பூசணத் தூளே குடியேறிவிடும். ஆய்வகத்துச் சுத்தம் இருந்தால் ஒழிய அந்த வழி வேண்டாம்.

கார்பென்டசிம் என்ற பூசணக்கொல்லியும் பார்மலினும் கலந்த தண்ணீரில் ஊறவைக்கும் முறையும் கையேடுகளில் இருக்கிறது. பெரிய கொட்டகைக்காரர்கள் செய்வது அது. குழந்தைகள் உள்ள வீட்டில், ஜன்னல் ஒன்றே உள்ள அறையில் பார்மலின் புட்டியைத் திறக்கவே கூடாது.

கிளிஞ்சல்
8 அக்டோபர், இரவு 10.35

சுண்ணாம்பு முறை. வேணுங்கிறது நீற்றின சுண்ணாம்பு, புதுசா இருக்கணும். லிட்டருக்கு 2 கிராமுக்குள்ளதான் தண்ணில கரையும், அதுக்கு மேல போட்டா அடியில தங்கும். வைக்கோல் கொஞ்சம் இழுத்துக்கும்னு 3 கிராம் போடுங்க. 30 லிட்டர் டப்புக்கு 90 கிராம். பச்சைத் தண்ணியே போதும், சூடு பண்ண வேண்டாம், சூட்டுல சுண்ணாம்பு குறைச்சலாத்தான் கரையும். வைக்கோலை முழுசா முக்கி, கல் வெச்சு, 16 மணி நேரம். எடுத்து வடிகட்டினா நேரா வித்து போட்டுடலாம், கழுவக் கூடாது.

எப்படி வேலை செய்யுதுன்னா, அந்தத் தண்ணியோட காரம் (பி.எச்.) 12க்கு மேல, பசும்பூசணம் அதுல தாங்காது. அப்புறம் காத்து பட்டு மெதுவா இறங்கும், சிப்பி அதுக்கு ஈடுகொடுத்து முந்திக்கும்.

எந்தச் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு ரொம்ப நல்லது, மக்னீசியம் குறைவு. பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சல் சுட்டது கிடைச்சா விடாதீங்க. வெள்ளையடிக்கிற பாக்கெட்ல பசை, நீலம் கலந்திருந்தா வேண்டாம். நீற்றாத, சுட்ட சுண்ணாம்புக் கல்லா வாங்கினா தண்ணி ஊத்தும்போது கொதிச்சுத் தெறிக்கும், பிளாஸ்டிக் பக்கெட்ல பண்ணாதீங்க, முகத்தைக் கிட்டக் கொண்டு போகாதீங்க. ரப்பர் கையுறை கட்டாயம். கண்ணுல பட்டா ஓடுற தண்ணில கால் மணி நேரம் கழுவிட்டு நேரா டாக்டர்.

பெரம்பூர் பார்சல்
9 அக்டோபர், காலை 6.30

சுண்ணாம்பு வீரியமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு சொட்டு எடுத்து மஞ்சள் தூளில் விட்டால் போதும், சிவந்தால் சரி.

பூசணவியல்
9 அக்டோபர், காலை 8.15

போதாது. மஞ்சள் 8, 9 அளவிலேயே சிவந்துவிடும், சோப்புத் தண்ணீருக்கும் சிவக்கும். நமக்கு 12 வேண்டும். திறந்து கிடந்த பழைய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வெறும் சுண்ணாம்புக்கல் தூளாக மாறியிருக்கும். அதில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்தாலும் மஞ்சள் சிவக்கும், பசும்பூசணமோ சாகாது. 14 வரை காட்டும் பி.எச். பட்டை வாங்கி, ஊறவைக்கும்போது ஒரு முறை, எடுக்கும்போது ஒரு முறை பாருங்கள். எடுக்கும்போது 11க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த வைக்கோலை அண்டாவுக்கு அனுப்புங்கள்.

மாதவரம் வைக்கோல்
11 அக்டோபர், மாலை 5.45

எல்லாரும் தாண்டிப் போற இடம் வடிகட்டுறது. பாதிப் பை கெடுறது இங்கதான். சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு நீர் சொட்டு நின்னப்புறம், சுத்தமான தார்ப்பாய் மேல நிழல்ல பரப்பி ஆறவிடுங்க. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிங்க. விரல் நடுவுல ஈரம் பளபளக்கணும், சொட்டு விழக் கூடாது. ஒரு சொட்டு விழுந்தாலும் இன்னும் அரை மணி நேரம் பரப்புங்க. எடைக் கணக்கும் இருக்கு: ஒரு கிலோ காய்ஞ்ச வைக்கோல் வடிஞ்சு முடிஞ்சதும் 2.6ல இருந்து 3 கிலோக்குள்ள நிக்கணும்.

கிளிஞ்சல்
11 அக்டோபர், இரவு 9.00

எடைக் கணக்கு மழைக்காலத்துல காலை வாரும் அண்ணே. அடைமழையில மூட்டையில கிடக்கிற வைக்கோலே கால் பங்கு ஈரம் குடிச்சிருக்கும். ஒரு கிலோன்னு நிறுக்கிறது நிஜத்துல முக்கால் கிலோவைவிடக் கொஞ்சம்தான் கூட. அப்ப 2.6 வந்தா ஏற்கெனவே ஈரம் அதிகம். வெயில் நாள்ல காயவெச்சு நிறுத்தா மட்டும் அந்தக் கணக்கு, மத்தபடி கைப்பிடிதான்.

மாதவரம் வைக்கோல்
11 அக்டோபர், இரவு 9.20

சரிதாம்மா. மழைக்கு முன்னாடியே ஒரு கட்டு வாங்கிக் காயவெச்சு, பரண் மேல பாலித்தீன் போட்டு மூடிடறது நல்லது. தரையில வெச்சா ஓதம் ஏறும்.

தண்டையார்பேட்டை மாடி
13 அக்டோபர், இரவு 9.30

வித்து பாட்டிலில் கொடுத்தார்கள், 300 கிராம். சோளம் மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. கழுத்துப் பக்கம் லேசாக மஞ்சள் நீர். பயன்படுத்தலாமா? எத்தனை பைக்கு வரும்?

பூசணவியல்
14 அக்டோபர், காலை 6.50

தெளிந்த இளமஞ்சள் நீர் என்றால் வித்துக்கு வயதாகிவிட்டது அல்லது வெயிலில் பயணப்பட்டிருக்கிறது. நல்ல காளான் வாடை வந்தால் உடனே பயன்படுத்திவிடுங்கள். கலங்கிப் பிசுபிசுத்தால், புளித்த வாடை வந்தால் திருப்பிக் கொடுங்கள். பச்சையோ கருப்போ ஒரு புள்ளி தெரிந்தாலும் பாட்டிலை வீட்டுக்குள்ளேயே திறக்காதீர்கள். தயாரித்து 15 முதல் 18 நாள் ஆன வித்துதான் முதல் தரம், அதனால் தயாரித்த தேதியைப் பாட்டில் மேல் கேட்டு வாங்க வேண்டும்.

சாம்பல், வெள்ளை வித்துகளை ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டில் சில நாள் வைக்கலாம். இளஞ்சிவப்புச் சிப்பி வித்தை ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துவிடும், அது வெப்பநாட்டுப் பிள்ளை.

மாதவரம் வைக்கோல்
14 அக்டோபர், காலை 9.10

அரை கிலோ வைக்கோல் பைக்கு 60, 70 கிராம் வித்து. 300 கிராம்ல நாலு பை தாராளமா. வித்து கூடப் போட்டா சீக்கிரம் ஓடும், பசும்பூசணத்துக்கு இடம் இருக்காது. ஆனா சோளம் கூடினா பை சூடும் கூடும், எலியும் மோப்பம் பிடிக்கும். அதனால இந்த அளவுல நில்லுங்க.

போடுற விதம்: ஃபேனை நிறுத்துங்க, ஜன்னலை மூடுங்க. கை, தட்டு, கத்தரி எல்லாம் ஸ்பிரிட் போட்டுத் துடைங்க, காய்ஞ்ச அப்புறம் தொடுங்க, பக்கத்துல அடுப்பு விளக்கு எதுவும் எரியக் கூடாது. பை அடியை ரப்பர் பேண்டால கட்டித் திருப்பிப் போட்டா அடி வட்டமா வரும். மூணு விரல் உயரம் வைக்கோல், மேல ஓரத்தைச் சுத்தி ஒரு கைப்பிடி வித்து, நடுவுல கொஞ்சமா. மறுபடி வைக்கோல், மறுபடி வித்து. நாலு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால நல்லா அமுக்குங்க, காத்துப் பை விட்டா அங்கதான் உள்ளயே மொட்டு வெச்சு அழுகும். மேல கட்டினதும் நடுப்பகுதியில சுத்தி ஆறு ஓட்டை, பென்சில் தடிமன், சுத்தமான பஞ்சு அடைச்சு.

பெரம்பூர் பார்சல்
14 அக்டோபர், பிற்பகல் 2.20

கையேட்டில் இரண்டு ஓட்டை என்றுதான் இருக்கும். சென்னைக்கு ஆறு சரி, சூடு வெளியேறும். பஞ்சு இல்லாமல் விட்டால் ஈ நுழையும்.

தண்டையார்பேட்டை மாடி
25 அக்டோபர், இரவு 10.10

நான்கில் மூன்று பை வெள்ளையாக ஓடுகிறது. ஒன்றில் ஓட்டையை ஒட்டி ஐம்பது பைசா அளவுக்குப் பச்சை. வெட்டி எடுத்துவிடலாமா? மூன்றில் ஒன்றில் மெல்லிய காம்போடு குட்டிக் குடைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

பூசணவியல்
26 அக்டோபர், காலை 6.35

பச்சை என்பது நாம் பேசிக்கொண்டிருந்த பசும்பூசணம், டிரைக்கோடெர்மா. பச்சை நிறம் வந்துவிட்டது என்றாலே அது தன் வித்துத் தூளை உதிர்க்கும் கட்டத்தில் இருக்கிறது. அறைக்குள் வெட்டினால் மற்ற மூன்றுக்கும் விதைத்தது மாதிரி ஆகிவிடும். அந்தப் பையை அசைக்காமல் பெரிய கவருக்குள் இறக்கிக் கட்டி வெளியே கொண்டுபோங்கள். அங்கே வைத்துப் பாருங்கள். இவ்வளவு சின்ன இடத்தைச் சிப்பியே மூடிவிடுவதும் உண்டு. பரவினால் மண்ணில் புதைத்துவிடுங்கள்.

குட்டிக் குடை கோப்ரினஸ். காலையில் முளைக்கும், சாயங்காலத்துக்குள் கருப்பு மையாக வழியும். வைக்கோல் சரியாக வேகவில்லை, அல்லது புளித்து அம்மோனியா சேர்ந்தது என்பதற்கு அடையாளம். மை வழியும் முன் பிடுங்கிப் போடுங்கள், சாப்பிட வேண்டாம். சிப்பி முழுக்க ஓடிவிட்டால் தானாக அடங்கும். வைக்கோலோடு தவிடு கலந்தீர்களா? முதல் முறை தவிடே வேண்டாம், தழைச்சத்து கூடக்கூட இந்தத் தொல்லைகளும் கூடும்.

கிளிஞ்சல்
2 நவம்பர், இரவு 9.40

மீதிப் பை முழுக்க வெள்ளையாகி, தட்டினா கெட்டியா 'டொக்'னு இருக்கும், அப்பதான் கிழிக்கணும். பிளாஸ்டிக்கை முழுசா உரிக்காதீங்க, நம்ம ஊர்ல மதியம் ஒரு மணிக்குக் கடல்காத்து திரும்புற வரைக்கும் காத்து வறண்டு கிடக்கும் நாளும் உண்டு. பக்கத்துக்கு இரண்டு கீறல், ஒவ்வொண்ணும் இரண்டு அங்குலம்.

இப்ப மூணு விஷயம் மாறணும். ஒண்ணு வெளிச்சம்: பேப்பர் படிக்கிற அளவு, நேர் வெயில் இல்லாம. இரண்டு ஈரம்: தரையில ஆத்து மணல் பரப்பி நனைங்க, சுவத்துல ஈரச் சாக்கு தொங்கவிடுங்க, காத்து ஈரம் அளக்கிற ஹைக்ரோமீட்டர் 85 சதவீதம் காட்டணும். மூணு காத்து: ஜன்னல் திறந்திருக்கணும், கொசு வலை இல்ல, அதைவிட நெருக்கமான நைலான் வலை. காளான் ஈ கொசு வலையில நுழைஞ்சிடும்.

மாநகராட்சி கொசு மருந்துப் புகை வண்டி சத்தம் கேட்டா ஜன்னலை மூடி, பைங்க மேல ஈரத் துணியைப் பிடிப்பு இல்லாம போடுங்க. கொசுவத்தி, லிக்விட் எதுவும் அந்த அறையில வேண்டாம். காளானுக்குத் தோல் கிடையாது, படிஞ்சது உரிச்சா போகாது.

பெரம்பூர் பார்சல்
6 நவம்பர், காலை 7.00

மொட்டைப் பார்த்தே அறையைப் படிக்கலாம். காம்பு நீண்டு குடை சிறுத்தால் காற்றோட்டம் போதவில்லை. குடை ஓரம் வெடித்துக் காய்ந்தால் ஈரம் போதவில்லை. குடை மேல் மஞ்சள் திட்டும் வழவழப்பும் வந்தால் அது பாக்டீரியா, நேராகக் காளான் மேல் தண்ணீர் அடித்து அது காயாமல் நின்றதால். குண்டூசித் தலை அளவு மொட்டாக இருக்கும்போது தண்ணீர் மேலே படவே கூடாது, சுவருக்கும் மணலுக்கும் அடியுங்கள். அடைமழை நாளில் தெளிப்பே வேண்டாம், ஃபேன் போடுங்கள்.

மொட்டு கண்ணில் பட்டதிலிருந்து மூன்றாம் நாள், நாலாம் நாள் பறிப்பு. குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே கொத்தோடு பிடித்துத் திருகி எடுங்கள். ஓரம் மேலே திரும்பிவிட்டால் தாமதம்.

பூசணவியல்
6 நவம்பர், இரவு 8.45

அந்தக் கடைசி வரி ருசிக்காக மட்டும் இல்லை. ஓரம் மேலே திரும்பிய சிப்பி வெள்ளைத் தூளாக வித்துகளைக் கொட்டும், காலையில் அறைக்குள் லேசான புகைபோல் தெரியும். அதைத் தொடர்ந்து சுவாசித்தால் இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு வரும், நுரையீரல் ஒவ்வாமையாக முற்றும். ஆஸ்துமா உள்ளவர்கள் அறைக்குள் போகவே வேண்டாம். மற்றவர்கள் முகக்கவசம் போட்டுப் பறிக்கவும். படுக்கையறையில், கட்டிலுக்கு அடியில் காளான் வளர்ப்பதை நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தண்டையார்பேட்டை மாடி
9 நவம்பர், இரவு 9.25

முதல் பறிப்பில் மூன்று பைக்கும் சேர்த்து 540 கிராம். இது நல்ல அளவா? அடுத்தது எப்போது?

மாதவரம் வைக்கோல்
9 நவம்பர், இரவு 10.00

நல்ல அளவு தம்பி. ஒன்றரைக் கிலோ வைக்கோலுக்கு மூணு பறிப்பும் சேர்த்து ஒரு கிலோவைத் தாண்டினா வீட்டுக்குப் போதும். முதல் பறிப்புலதான் பாதி வரும். மிச்ச அடிக்காம்பை எல்லாம் கிள்ளிச் சுரண்டி எடுத்துடுங்க, விட்டா அழுகி ஈ முட்டை வைக்கும். ஒரு நாள் சும்மா விட்டு மறுநாள்ல இருந்து பழையபடி ஈரம். வாரம் பத்து நாள்ல இரண்டாவது. மூணாவதுக்கு அப்புறம் பை லேசாகி மெத்துனு ஆகிடும், வெளிய எடுத்துடுங்க. தொட்டிச் செடிக்கு மக்கவெச்சுப் போடலாம்.

ஈ தெரிஞ்சா மஞ்சள் அட்டையில விளக்கெண்ணெய் தடவி விளக்குப் பக்கத்துல தொங்கவிடுங்க. மருந்து அடிக்காதீங்க.

பெரம்பூர் பார்சல்
10 நவம்பர், காலை 6.50

பறித்ததைக் கழுவி வைக்காதீர்கள். காகிதப் பையிலோ ஓட்டை போட்ட கவரிலோ ஃபிரிட்ஜில் மூன்று நாள். மிஞ்சினால் கிழித்துக் காயவையுங்கள், ஒரு கிலோ 100 கிராமாகும், ஒடித்தால் ஒடிய வேண்டும். மழைக்கால வெயிலை நம்பினால் பூசணம் பிடிக்கும்.

கிளிஞ்சல்
14 ஜனவரி, பிற்பகல் 3.30

பொங்கல் முடிஞ்சா கணக்கை மாத்தணும். மாசிக் கடைசிக்கு மேல புதுப் பை போடாதீங்க. வெயில் காலத்துக்குப் பால் காளான்தான், அந்த வித்துக்காரர் சொன்னதுல பாதி அங்க பொருந்தும். 1998ல வேளாண் பல்கலை வெளியிட்ட ஏ.பி.கே. 2 ரகம் 30ல இருந்து 35 டிகிரிக்குன்னே பொறந்தது. வைக்கோல் வேலை எல்லாம் இதேதான். வித்து ஓடி முடிஞ்சதும் பையைக் குறுக்கால பாதியா வெட்டி, மேல முக்கால் அங்குலம் மண் போடணும். தோட்ட மண்ணும் மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து ஒரு மணி நேரம் ஆவியில வேகவெச்ச மண். மண்ணை ஈரமா வெச்சிருக்கணும், சொதசொதன்னு இல்ல.

நேர்ல பார்த்துக் கத்துக்கணும்னா திருவள்ளூர் பக்கம் திரூர்ல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. போறதுக்கு முன்னாடி காளான் பயிற்சி எப்பன்னு போன் பண்ணிக் கேட்டுக்கோங்க.